பூஜையில் வைத்த சாவி

ஆயுத பூஜையன்று என் மொபெட் ஓடும். சந்தனம் குங்குமம் உண்டு, மாலை உண்டு, சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் உண்டு, சூடமும் காட்டுவேன். காட்டி முடித்த கையோடு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவேன். ஏற்காடு கடைவீதியில் என் எஸ்.டி.டி. பூத்துக்குப் பக்கத்துக் கடைக்காரர் வருஷா வருஷம் தலையில் அடித்துக்கொள்வார். "ஏனுங்கம்மிணி, வருசம் முச்சூடும் ஓடற வண்டி. ஒரு நாளைக்கு ஓய்வு குடுத்தா என்னுங்க கொறஞ்சு போவுது?" என்பார். நல்ல மனிதர்தான். ஆனால் அந்த 'ஓய்வு' என்ற வார்த்தை காதில் விழுந்தாலே எனக்குச் சுர்ரென்று ஏறும். சாமி இல்லை என்று சொல்கிறவள் இல்லை நான். சாமி கும்பிட வேண்டுமென்றால் வண்டி நிற்க வேண்டும் என்பதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நான் பிறந்தது நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டின் லைனில். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். முதலாளியின் பங்களாவில் கரண்ட் இருந்தது. எங்கள் லைனில் சிம்னி விளக்கு. ராத்திரி படித்தால் காலையில் மூக்கைச் சிந்தும்போது கரி வரும். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா காப்பிப் பழம் பறித்தும் செடிக்கு மருந்தடித்தும் எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தாள். அக்காவைச் சேலத்தில் மில் வேலைக்காரருக்குக் கட்டிக் கொடுத்திருந்தாள். எழுபதுகளின் கடைசியில் ஒரு புரட்டாசியில் அக்கா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருந்தவளை, தலைப்பிள்ளை தாய் வீட்டில்தான் என்று மலைமேல் ஏற்றிக் கொண்டுவந்தோம். வழக்கம் என்றால் வழக்கம், யாரும் யோசிக்கவில்லை.

எங்கள் எஸ்டேட்டில் ஆயுத பூஜை தீபாவளியைவிடப் பெரிது. பழம் அரைக்கும் மிஷின் கொட்டகையைக் கழுவிக் கோலம் போடுவோம். கவாத்துக் கத்தி, மண்வெட்டி, மருந்தடிக்கிற பம்பு, தராசு எல்லாம் குளித்துப் பொட்டு வைத்து வரிசையாக உட்கார்ந்திருக்கும். வாசலில் எஸ்டேட் ஜீப். இரண்டு பக்கமும் வாழைக்கன்று, நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். ஜீப்பின் சாவி பித்தளைத் தட்டில் சாமி படத்துக்கு முன்னால் இருக்கும். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை போட்ட பிறகுதான் தொடலாம். கீரை அரியக்கூட அரிவாள்மணையைத் தொட மாட்டார்கள். எனக்கு அந்த நாள் உயிர். பொரியும் சுண்டலும் மடி நிறையக் கிடைக்கும்.

அந்த வருஷமும் மடியில் பொரியோடு லைனுக்கு ஓடினேன். அக்காவுக்கு விடியற்காலையிலேயே வலி எடுத்திருந்தது. லைனில் பிரசவம் பார்க்கிற அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "புள்ளையோட கை முன்னால வந்துருச்சுங்க. இதுக்கு மேல என்னால ஆவாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க சாமி" என்றார். உள்ளே அக்கா கத்திய கத்தல் மிஷின் கொட்டகை வரைக்கும் கேட்டிருக்கும்.

காலை பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் சாயங்காலம். முதலாளி குடும்பம் சேலத்துக்குப் போயிருந்தது. இருந்தது அந்த ஜீப் ஒன்றுதான். அம்மா கொட்டகைக்கு ஓடினாள், பின்னாலேயே நான். டிரைவர் புது வேட்டி கட்டிக்கொண்டு நெற்றி நிறையத் திருநீறோடு நின்றிருந்தார். எங்களிடம் பிரியமானவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வாடிப்போனது. ஆனால் கை சாவிப் பக்கம் போகவில்லை.

"சாவி பூஜையில இருக்குது அம்மிணி. இன்னைக்கு எடுத்தா வண்டிக்கு ஆவாது. வளைவுல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா உம்புள்ளையும் சேந்தில்ல போயிரும்?"

ரைட்டர் என்று நாங்கள் கூப்பிடும் எஸ்டேட் கணக்குப்பிள்ளையும் அங்கே இருந்தார். "தூளி கட்டித் தூக்கிட்டுப் போங்க. அந்தக் காலத்துல ஜீப்பா இருந்துச்சு? நம்ம பாட்டிமாரெல்லாம் பெத்துக்கலையா?" என்றார்.

பெத்துக்கிட்டாங்க. செத்தும் போனாங்க. செத்தவர்கள் வந்து கணக்குச் சொல்லவா போகிறார்கள்? இது இப்போது நான் எழுதுவது. அன்றைக்கு அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆண்கள் மூங்கில் தேடப் போனார்கள். வெட்டக் கத்தி வேண்டும், கத்தியும் பூஜையில். என்ன செய்யலாம் என்று கூடிக்கூடிப் பேசினார்கள். மேலைக் காட்டில் ஏற்கெனவே வெட்டிக் கிடக்கிற மூங்கில் இருக்கும் என்று இரண்டு பேர் கிளம்பினார்கள். போனவர்கள் வரவே இல்லை. அம்மா ஒவ்வொருவர் காலிலும் விழுந்தாள். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. லைனிலிருந்து வந்த கத்தல் மெல்ல மெல்லத் தேய்ந்து முனகலானது.

அந்த முனகலைக் கேட்டதும் அம்மா அழுகையை நிறுத்தினாள். செருப்போடு கொட்டகைக்குள் போனாள். "ஐயோ, தொடாதே" என்று யாரோ கத்தினார்கள். தட்டிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு வந்து டிரைவர் நெஞ்சுக்கு நேராக நீட்டினாள்.

"அண்ணா, சந்தனம் வெச்சது வண்டி ஓடறதுக்கா, நிக்கறதுக்கா? எலுமிச்சம்பழம் இன்னைக்கு நசுங்கினா என்ன, நாளைக்கு நசுங்கினா என்ன? பாவமெல்லாம் என் தலையில வரட்டும். நீ ஏறு."

டிரைவர் ஏறினார். சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார், ஆனாலும் ஏறினார். அதற்காக அவரை இன்றைக்கும் கும்பிடுவேன். பின்னால் அக்காவின் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். மடியிலிருந்த பொரியெல்லாம் அவள் கூந்தலில் ஒட்டிக்கொண்டது. ஏற்காட்டு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, ஆபரேஷன்தான், உடனே சேலத்துக்குப் போங்கள் என்றார்கள். மலையிறங்கும் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் டிரைவர் முருகனைக் கூப்பிட்டார். வாழைக்கன்று இரண்டும் கிழிந்து வழியிலேயே போயின. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு பஞ்சர்கூட ஆகவில்லை.

அக்கா பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் பிள்ளை. "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா ரெண்டு உசிரும் தப்பிச்சிருக்கும்மா" என்றார் டாக்டரம்மா. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அதற்குப் பிறகு அக்காவுக்குப் பிள்ளையே இல்லை.

இதோடு முடிந்ததா? லைனுக்குத் திரும்பினால் குழாயடியில் அதே பேச்சு. பூஜைச் சாவியைத் தொட்டதால்தான் சாமி பிள்ளையைக் கேட்டுவிட்டதாம். அம்மா குடத்தைக் கீழே வைத்தாள். "சாவிய எடுத்ததுனால எம்பேரன் சாகலை. எடுக்கறதுக்கு நேரமானதுனால செத்தான். இன்னொரு வாட்டி எவளாச்சும் பேசினா நாக்க இழுத்து வெச்சு அறுத்துப்போடுவேன்" என்றாள்.

வருஷங்கள் ஓடின. நான் பள்ளிப் படிப்பை முடித்துத் தட்டெழுத்துக் கற்றுக்கொண்டு, தொண்ணூறுகளில் கடைவீதியில் இந்த பூத்தை வைத்தேன். ஒரு கோடையில் எங்கள் கடைவீதியில் மேடை போட்டுப் பட்டிமன்றம் நடத்தினார்கள். அறிவியல் வளர்ச்சி போதுமா, இன்னும் வேண்டுமா என்பது தலைப்பு. 'போதும்' கட்சிக்குப் பேச வந்தவர் மேடையேறும் முன் என் பூத்துக்கு வந்து வீட்டுக்கு போன் போட்டார். "காரு வந்துருச்சு, ராத்திரி வந்துருவேன், மோட்டார் போட்டுத் தண்ணி ஏத்தி வை" என்று சொல்லிவிட்டுப் போனார். மேடையில் ஏறினாரா, தொலைபேசி வந்து உறவு போச்சு, கார் வந்து கால் போச்சு என்று வெளுத்து வாங்கினார். ஒரே கைதட்டல். "மனிதன் ஓடியது போதும். அறிவியலுக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கொடுப்போம்" என்றார்.

ஓய்வு! எனக்குக் காதெல்லாம் அடைத்துக்கொண்டது. எழுந்து நின்றுவிட்டேன். நடுவர் சிரித்துக்கொண்டே, "என்னம்மா, சொல்லுங்க" என்றார்.

"ஏனுங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. நிறுத்தறதுன்னா எங்க வந்தப்பறம் நிறுத்தறதுங்க? உங்க ஊட்டுக்கு வந்தப்பறமா, எங்க லைனுக்கு வந்தப்பறமா?"

கூட்டத்தின் பின்வரிசையில் லைன் ஜனங்கள் விசிலடித்தார்கள். பேச்சாளர் லேசுப்பட்டவர் இல்லை. "பூச்சி மருந்து மண்ணையே கெடுத்துருச்சே, அதுவும் அறிவியல்தானேம்மா?" என்று திருப்பிக் கேட்டார். கேள்வி நியாயமானது. அதற்கு மழுப்பலாகப் பதில் சொல்லும் உத்தேசம் எனக்கு இல்லை. மருந்தடித்து மருந்தடித்து என் அம்மாவின் விரல் நகமெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். பங்களாவின் ரோஜாச்செடிக்கு மருந்தடிக்கிறவருக்குக் கையுறை உண்டு, அம்மாவுக்குக் கிடையாது.

"எங்கம்மா அடிச்ச மருந்துதானுங்க அது. எனக்குத் தெரியாதுங்களா? கெடுக்காத மருந்தாக் கண்டுபிடிக்கச் சொல்லுங்க. அதுக்கும் அறிவியல்தானுங்களே வேணும்? பாதி வழியில எறக்கி விட்டுட்டு, நடந்து போ, ஒடம்புக்கு நல்லதுன்னு சொன்னா எப்புடிங்க?"

அவர் என்ன பதில் சொன்னார் என்பது காதில் விழவில்லை. தீர்ப்பு அவர் பக்கம்தான் போனது. போகட்டும். தோற்றது பட்டிமன்றத்தில்தானே.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு அக்கா சேலத்திலிருந்து வந்தாள். வருஷம் தவறாமல் வருவாள். என் மொபெட்டுக்குப் பொட்டு வைப்பதும் எலுமிச்சம்பழம் வைப்பதும் அவள்தான். சூடம் அணைந்ததும் பின்னால் ஏறி உட்கார்ந்து என் தோளைத் தட்டினாள். "எடு கண்ணு, போலாம்." பக்கத்துக் கடைக்காரர் வழக்கம்போலத் தலையில் அடித்துக்கொண்டார். நசுங்கிய பழத்தின் வாசனை கொஞ்ச தூரம் எங்களோடு வந்தது.

நேராக நாகலூர்ச் சாலையில் பழைய எஸ்டேட்டுக்குப் போனோம். கொட்டகை வாசலில் வேறு ஜீப், அதே வாழைக்கன்று, அதே எலுமிச்சம்பழம். டிரைவரும் புது ஆள். எங்களைப் பார்த்ததும், "வாங்கக்கா, பொரி எடுத்துக்கோங்க" என்றார். அக்கா பொரியை வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள்.

"நொம்ப நல்லா ஜோடிச்சிருக்கீங்க தம்பி. சாவி எங்கீங்க?"

"பூஜையிலீங்க."

"எடுத்துப் பாக்கெட்டுல போட்டுக்கங்க."

அவர் என்னைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார், லைன் பக்கம் பார்த்தார். அவர் போய் எடுத்து வரும் வரைக்கும் அக்கா வண்டியில் ஏறவில்லை.