நெற்றியில் இடம் போதாத சிங்கம்

ஞாயிற்றுக்கிழமை நெற்றியின் இடப்பக்கம் மட்டும் எரிந்தது. யாருக்கும் தெரியாமல் வாங்கிப் பூசிய தலைச்சாயம்தான் காரணம் என்று முடிவு கட்டினேன். அதனாலேயே யாரிடமும் சொல்லவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் ஒருவனுக்குக் காப்பாற்றிக்கொள்ள வேறு என்ன ரகசியம் இருக்கிறது? திங்களன்று சிவந்தது. செவ்வாயன்று அந்தச் சிவப்பில் நீர்க்கொப்புளங்கள் கொத்தாக எழும்பிப் புருவத்தைத் தாண்டின. இடது கண்ணில் நீர் வழிந்தது.

“அக்கிங்க இது. எழுதிட்டா போயிடும்,” என்றாள் மனைவி.

“டாக்டரைப் பார்த்தா என்ன?”

“அக்கிக்கு யாராவது டாக்டர்கிட்ட போவாங்களா? எங்க அண்ணனுக்கு இடுப்புல வந்து, எழுதித்தான் போச்சு.”

அக்கி வந்த இடத்தில் குயவர் காவிமண் குழைத்துச் சிங்கம் வரைவார். அதைப் பார்த்து அக்கி ஓடிவிடும் என்பது ஏற்பாடு. பகுத்தறிவு பற்றி மூன்று கட்டுரைகள் எழுதியவன் நான். மறுப்பை மனதுக்குள் செப்பனிட்டு முடிப்பதற்குள் ஆட்டோ ஜீவனஹள்ளியில் குயவர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

குயவர் என்னைப் பானைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார். நெற்றியின் மேற்புறமாகத் தலை, பிடரி, முன்னங்கால் வரை ஓட்டினார். அப்புறம் நிறுத்தினார்.

“முதுகு, இடுப்புன்னா தாராளமா எழுதலாம் சார். இங்க எடம் பத்தல. வாலு கண்ணுக்குள்ள போவுது.”

“வாலை மடக்கிப் போடுங்களேன்,” என்றாள் மனைவி.

அவர் என் முகத்தருகே குனிந்தார். “மூக்கு நுனியிலயும் ஒண்ணு கெளம்பியிருக்கு. கண்ணும் செவந்திருக்கு. இது என் வேலை இல்லம்மா. கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போங்க. நாளைக்கு இல்ல, இப்பவே.”

எங்கள் வீட்டில் இரண்டு முதுகலைப் பட்டங்கள் உண்டு. மூன்று நாளில் கிடைத்த முதல் உருப்படியான மருத்துவ ஆலோசனை இதுதான்.

“என்ன சார் இது, நாயா?” என்றார் கண் டாக்டரம்மா.

“சிங்கம் மேடம். வால் பாக்கி.”

அவர் சிரிக்கவில்லை. காவியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். “ஒரே பக்கம் எரிச்சல், அப்புறம் கொப்புளம், அதுவும் கண்ணுகிட்ட, மூக்கு மேலன்னா அன்னிக்கே வரணும் சார். கொப்புளம் வந்த மூணு நாளுக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சாதான் நல்லா கேக்கும். விட்டா பார்வையே போகலாம்.”

வலது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரிலிருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். மூன்றாவது வரி மங்கியது. பின்னாலிருந்து மனைவி ரகசியமாக எடுத்துக்கொடுத்தாள்.

“மேடம், உங்க கண்ணு ரொம்ப நல்லா இருக்கு. அவர் படிக்கட்டும்.”

நானே படித்தேன். ஆறு எழுத்தில் நான்கு தேறியது.

“ஸ்வல்ப அசையாம இருங்க,” என்று கொஞ்சம் கன்னடம் கலந்து சொல்லிவிட்டுக் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். “கருவிழி தப்பிச்சிருக்கு. ஏழு நாளைக்கு மாத்திரை, தெனம் அஞ்சு வேளை. ஒரு வேளைகூட விடக்கூடாது. ரெண்டு நாள்ல மறுபடி காட்டுங்க.”

அந்த ஏழு நாளும் மாத்திரை நேரங்களில் மனைவி தினசரிக் காலண்டர் தாளோடு வந்து நின்றாள். வலது கண்ணைப் பொத்தவைத்து, ராகுகாலம், எமகண்டம் படிக்கச் சொல்லி, சரியாகச் சொன்ன பிறகுதான் தண்ணீர் தருவாள். ஐந்தாம் நாள், அடியில் எறும்பு எழுத்தில் இருந்த சந்திராஷ்டமம் யாருக்கென்பது வரை தடங்கலில்லாமல் படித்துவிட்டேன்.

என் ராசிக்குத்தான்.