பொட்டு வைத்த டிஸ்க்குகள்

கீழ்க்கட்டளையில் ஒரு ஸ்கேன் சென்டரின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆயுதபூஜை லீவு முடிந்து திறந்த காலையில் போன் வந்தது. "சார், பழைய ஸ்கேன் எதுவுமே திறக்கல." மேடவாக்கத்தில் தண்ணி லாரிக்குப் பின்னால் ஊர்ந்து, எரிச்சலோடு போய்ச் சேர்ந்தேன்.

நேராகச் சர்வரிடம் போனேன். படங்களைச் சேமிக்கும் நான்கு டிஸ்க்குகளின் முகப்பிலும் சந்தனம், குங்குமம். ரிசப்ஷன் அக்கா ஒவ்வொன்றாக உருவி, தூசி துடைத்து, பொட்டு வைத்துத் திரும்பச் செருகியிருக்கிறார், சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே. ஒரு டிஸ்க் போனால் மற்றவை தாங்கும். இரண்டாவதும் போனால் மொத்தமும் படுத்துவிடும்.

"ஓடுற மிஷின்ல யாராச்சும் கை வைப்பாங்களாக்கா?" என்று கத்திவிட்டேன்.

"ஒரே தூசி சார். சாமி முன்னாடி அப்படியே வைக்கிறதான்னு..." என்றவர் அழ ஆரம்பித்தார். அதற்கு மேல் என்ன திட்டுவது?

வெளியே பெஞ்சில் அனகாபுத்தூரிலிருந்து வந்த ஒரு பெண், கணவரோடு. மார்பில் கட்டி. முன்பு இங்கே எடுத்த ஸ்கேனோடு ஒப்பிட டாக்டர் உள்ளே காத்திருந்தார்.

"ஃபிலிம் மழையில வூட்டுக்குள்ள தண்ணி பூந்து பாழாப்போச்சு சார். கட்டி அப்பவே இருந்து, வளராம கீதுன்னா பயமில்லன்னாங்க. கெடைக்குமா?" என்று கேட்டாள். "பாக்குறேம்மா" என்று சர்வரிடம் திரும்பினேன்.

டிஸ்க்குகளைப் புதிதாக அமைக்கவா என்று சர்வரின் திரை கேட்டது. ஆம் என்றால் எல்லாம் அழிந்துவிடும். முதல் டிஸ்க்கை உருவிய பிறகும் மற்றவை ஓடியிருக்கும்; அதனால் அது மட்டும் மற்றவற்றோடு ஒத்துப்போகாது. அதை ஒதுக்கிவிட்டு மீதி மூன்றை எழுப்பிப் பார்க்கலாம். எது முதல் என்று அக்காவைக் கேட்டேன்.

"பிள்ளையார் படம் இருந்த பக்கத்துலேர்ந்துதான். வேற எங்க ஆரம்பிப்பாங்க?" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அவர் காட்டிய வலது ஓரத்து டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, பட்டனை அழுத்தினேன். சற்று நேரத்தில் ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன. சந்தோஷம் தாங்காமல் நானே வெளியே ஓடி, "கிடைச்சிடுச்சும்மா" என்றேன். அவள் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் இரண்டு படங்களையும் அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். பழைய படத்தில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. "அவங்க வீட்டுக்காரரை மட்டும் வரச் சொல்லுங்க" என்றார்.

கணவர் உள்ளே போனார். நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவள் எழுந்து நின்று என்னைக் கும்பிட்டாள்.

"உங்களுக்குப் புண்ணியமா போவும் சார்."