வெறுங்கால் ஓட்டமும் என் வாயும்

ஐம்பதை நெருங்கும்போது எனக்கு ஓட்டக் கிறுக்கு பிடித்தது. துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஏஜென்சி ஒன்றில் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் சொன்னதும் கடற்கரைச் சாலையில் ஓட ஆரம்பித்தேன். இரண்டே மாதத்தில் முழங்கால் வலித்தது. செல்போனில் தேடினேன். எல்லாவற்றுக்கும் ஷூதான் காரணம், மெத்தென்ற ஷூ போடுவதால் குதிகாலை ஓங்கிக் குத்துகிறோம், வெறுங்காலில் ஓடினால் பாதத்தின் முன்பகுதி மெல்ல இறங்கும், காயமே வராது என்று ஒருவர் வீடியோவில் அடித்துச் சொன்னார். அன்றைக்கே நான் நிபுணனாகிவிட்டேன்.

அதோடு விட்டிருந்தால் என் காலோடு போயிருக்கும். எனக்கு வாய் சும்மா இருக்காது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாரத்துக்கு மூன்று வீடியோ போட்டேன். முதலில் மாட்டியது என் மனைவியின் தம்பி.

அவனுக்குக் கன்டெய்னர் யார்டில் ஒப்பந்த வேலை. போலீஸ் எழுத்துத் தேர்வில் தேறி, உடல்தகுதித் தேர்வுக்குக் காத்திருந்தான். ஆயிரத்தைந்நூறு மீட்டரைக் குறித்த நேரத்துக்குள் ஓட வேண்டும். வயது வரம்புப்படி அதுதான் அவனுக்குக் கடைசி வாய்ப்பு. ஷூ போட்டு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தான். கெண்டைக்காலில் லேசாக ஒரு பிடிப்பு. அதை என்னிடம் வந்து சொன்னது அவன் செய்த தப்பு.

எங்கள் பக்கம் திருச்செந்தூருக்கு மாலை போடுகிறவர்கள் விரதம் முடியும்வரை காலில் செருப்பு மாட்டமாட்டார்கள். நானும் அவனும் வருஷா வருஷம் மாலை போட்டு, தூத்துக்குடியிலிருந்து வெறுங்காலில் நடந்தே போவோம். அந்த வருஷமும் போய்வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. "திருச்செந்தூர் வரைக்கும் தாருல நடந்த காலுக்கு, மைதானத்துல ஓட என்னலே கேடு?" என்று கேட்டேன். அவனுக்கு அது நியாயமாகப் பட்டது. முருகனுக்காகக் காய்த்துப்போன தோல் உள்ளே இருக்கிற எலும்பையும் காப்பாற்றும் என்று இரண்டு பேருமே நம்பினோம். மறுநாளே ஷூவை ஓரங்கட்டிவிட்டு, தூரத்தைக் கொஞ்சமும் குறைக்காமல் சேர்ந்து ஓடினோம்.

பதினைந்து நாள் போயிருக்கும். எனக்குப் பாதத்தின் மேல்பக்கம் வலி எடுத்தது. படி இறங்கினால் உயிர் போனது. ஆபீஸில் வேலை அதிகம் என்று அவனிடம் சொல்லிவிட்டுப் பத்து நாள் ஓய்வெடுத்தேன். பிறகு சாயங்காலங்களில், தெரிந்த முகம் எதிர்ப்படாத உப்பளத்துப் பக்கமாகப் போய், பழைய ஷூவை மாட்டிக்கொண்டு மெதுவாக ஓடினேன். எனக்கு வலி விட்டது. அவன் காலையில் தனியாக, வெறுங்காலில் ஓடிக்கொண்டிருந்தான்.

ஒருநாள் வீட்டுக்கு வந்தவன் இடது பாதத்தைத் தடவிக்கொண்டே, "அத்தான், ஒங்களுக்கும் இந்த எடத்துல வலிச்சுதா?" என்று கேட்டான்.

அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. என் மனைவி பக்கத்தில் நின்றாள். அத்தனை வீடியோ போட்ட மனுஷன் சத்தமில்லாமல் ஷூவுக்குத் திரும்பிவிட்டான் என்று குடும்பமே சிரிக்குமே என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அவனுடைய கால் தோன்றவில்லை. "ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும் மாப்ள. காலு பழகுது. நிப்பாட்டிராத" என்றேன். அவன் நிப்பாட்டவில்லை.

தேர்வு நாளன்று லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். அன்றைக்கு ஷூ போட்டுத்தான் ஓடினான். அதற்குள் ஷூ உதவுகிற கட்டம் தாண்டியிருந்தது. கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். மூன்றாவது சுற்றில் நொண்டினான். அப்புறம் நடந்தான். அப்புறம் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

எக்ஸ்ரேயில் பாத எலும்பில் கீறல் தெரிந்தது. வெறுங்காலில் ஓடுவதே தப்பு என்று எலும்பு டாக்டர் சொல்லவில்லை. சிலருக்கு ஒத்துவரும், ஆனால் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும், நடப்பது வேறு ஓடுவது வேறு, எதில் ஓடினாலும் காயமே வராது என்று யாரும் உறுதி தர முடியாது என்றார். முதல் வலியிலேயே நிறுத்தியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றும் சொன்னார். நான் அவர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் இப்போதும் அதே யார்டில்தான் இருக்கிறான். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்த சொந்தக்காரர் ஒருவர், இவர் பேச்சைக் கேட்டல்லவா நீ போலீஸ் வேலையைக் கோட்டை விட்டாய் என்று கேலியாக ஆரம்பித்தார். நான் ரசம் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டேன். என் பக்கத்தில் இருந்த மச்சினனுக்கு முகம் மாறிவிட்டது.

"அத்தான் மேல என்ன தப்பு அண்ணாச்சி? அவியளும் எங்கூடத்தான வெறுங்காலோட ஓடுனாவ. அவிய காலு தாங்கிச்சு, எங்காலு தாங்கல."

பந்தியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இலையில் ஓடிய ரசத்தைச் சோற்றால் அணைகட்டிக்கொண்டே, ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.