நீலமேகம் அண்ணன் பந்து விளையாடவில்லை

நீலமேகம் அண்ணன் போய்விட்டார்.

இன்று காலை வயலுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்து மகளிடம் காப்பி கேட்டிருக்கிறார். அவள் கொண்டு வருவதற்குள்... அவ்வளவுதான்.

நன்னிலத்தில் நான் வேலை பார்த்த பேங்கில் அவர்தான் செக்யூரிட்டி. பட்டாளத்தில் பீரங்கிப் படையில் இருந்து ஹவில்தாராக ரிட்டயர் ஆகி வந்தவர். இடது கால் லேசாக இழுக்கும். கோபம் மட்டும் நேராக வரும்.

பயிர்க் காப்பீடு கட்டக் கூட்டம் நெரியும் நாளாகப் பார்த்து சிஸ்டம் ஹேங் ஆகும். மேனேஜர் ரூமை விட்டு வெளியே வரவே மாட்டார். அண்ணன் குரல்தான் கேட்கும்.

"தள்ளாதீங்க! கம்ப்யூட்டரே நின்னு போச்சு, நீங்க எங்க ஓடுறீங்க?"

தஞ்சாவூரில் முன்னாள் ராணுவத்தினர் கூட்டம் ஒன்றுக்குப் போய் வந்தவர், மறுநாள் தன் சர்வீஸ் புத்தகத்தை என் கவுண்டரில் கொண்டுவந்து வைத்தார். எதிரித் தாக்குதலில் காயம்பட்டவர்களுக்கு ஒரு மெடல் உண்டாம். உங்களுக்கு ஏன் வரவில்லை என்று அங்கே யாரோ கேட்டிருக்கிறார்கள்.

"இதுல என்ன எழுதியிருக்கான்னு பாருங்கம்மா. இங்கிலீஷ்ல கிறுக்கி வெச்சிருக்கான்."

பார்த்தேன். இடது காலில் காயம். காரணம்... கால்பந்து விளையாடும்போது.

படித்துச் சொன்னதும் அவருக்கு முதலில் புரியவே இல்லை. திரும்பவும் படிக்கச் சொன்னார்.

"நான் பந்தையே தொட்டதில்லம்மா! மலை மேல ஷெல் விழுந்துச்சு. குர்னாம்னு ஒரு பஞ்சாப்காரன், என்னைத் தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்து பங்கருக்குள்ள தள்ளினான். அவன் உள்ள இறங்குறதுக்குள்ள அடுத்த ஷெல்..."

கவுண்டர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் பந்து விளையாடினேன்னா, அவன் எதுக்கும்மா செத்தான்?"

அதைத் திருத்தச் சொல்லி அன்றைக்கு எழுத ஆரம்பித்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடிப்பேன். சொல்வதில் பாதியை அடிக்க முடியாது, இந்தியில் திட்டுவார்.

பட்டாளத்து ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் வடக்கே எங்கேயோ. பதில் வர மாசக்கணக்கு ஆகும். வந்தால், காயம் எந்தக் காலில் என்று கேட்டிருப்பார்கள். முதல் லெட்டரில் முதல் வரியே அதுதான்!

அப்புறம், மனுதாரர் உயிரோடு இருப்பதற்குச் சான்று வேண்டும் என்றார்கள்.

"செத்துப்போயா கையெழுத்து போட்டு அனுப்பினேன்?" என்று பேங்க் நடுவில் நின்று கத்தினார். பாஸ்புக் என்ட்ரி போட வந்த ஒரு அம்மா பயந்து வெளியே போய்விட்டது.

தஞ்சாவூரில் எக்ஸ்ரே எடுத்தோம். காலுக்குள் இரும்புத் துண்டு, பல் மாதிரி, பளிச்சென்று தெரிந்தது. "ஃபுட்பால்ல இரும்பு எங்கேருந்துங்க வரும்?" என்று டாக்டரே சிரித்துவிட்டார்.

அனுப்பினோம். எக்ஸ்ரே சமீபத்தில் எடுத்தது, பழைய காயத்துக்கு ஆதாரமாக ஏற்க இயலாது என்று பதில். எனக்கே அதைக் கிழித்துப் போடலாம் போல இருந்தது.

கடைசியில் அவருடைய பழைய ஆபீசர்தான் காப்பாற்றினார். யார் யாரையோ பிடித்து நம்பர் வாங்கிப் போன் போட்டார் அண்ணன். புனே பக்கம் இருந்தார் அந்த மனிதர். வயதாகிவிட்டது, காது சரியாகக் கேட்கவில்லை. ஆனால் பேரைச் சொன்னதும், "குர்னாம் தூக்கி வந்த பையனா?" என்று கேட்டிருக்கிறார்.

அவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் விஷயமே வெளியே வந்தது. அண்ணன் காயம்பட்ட அதே வாரம் மலைக்குக் கீழே கேம்ப்பில் வேறு ஒரு ஜவான் பந்து விளையாடிக் காலை உடைத்துக்கொண்டிருக்கிறான். ஆஸ்பத்திரியில் அவனுடைய காரணத்தை இவர் தாளில் ஏற்றிவிட்டார்கள். யாரோ ஒரு கிளார்க்கின் கவனக்குறைவு... அதைத் திருத்த இத்தனை வருஷம்.

திருத்தினார்கள். மெடலும் வந்தது. அண்ணன் நாற்றங்காலில் இருந்தாராம், கையெல்லாம் சேறு. கழுவிவிட்டு வரும்வரை போஸ்ட்மேனை நிற்க வைத்துத்தான் வாங்கியிருக்கிறார்.

குடியரசு தினத்துக்குச் சட்டையில் குத்திக்கொண்டு வாங்க என்று பேங்கில் எல்லோரும் சொன்னோம். அவர் லீவு போட்டுவிட்டு பஞ்சாபுக்கு ரயில் ஏறிவிட்டார்.

திரும்பி வந்தவரிடம், "மெடல் எங்கண்ணே?" என்று கேட்டேன்.

"குர்னாம் வீட்டுல."

எனக்கு வந்ததே கோபம்! "ஏண்ணே, இவ்வளவு அலைஞ்சு வாங்கினத..."

"ரெக்கார்டுல ஏறிடுச்சில்ல? அது போதும்மா. அவன் சம்சாரம் கையில வாங்கி வெச்சுக்கிட்டு விடவே இல்ல. நான் எப்படித் திருப்பிக் கேக்குறது?"

"என்ன சொன்னாங்க?"

"ரொட்டி சுட்டுச் சுட்டுப் போட்டாங்க. போதும்னா கேக்கல." வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவருக்கு ரொம்ப வலிச்சுதான்னு கேட்டாங்க. இல்லவே இல்லன்னேன்."

"நிஜமாவாண்ணே?"

வாசலில் யாரோ பைக்கைக் குறுக்கே நிறுத்திவிட்டான் என்று அவனைத் திட்டப் போய்விட்டார்.

நாளை காலை பத்து மணிக்கு எடுக்கிறார்கள். பழைய பிராஞ்ச் ஆட்கள் வரப் பாருங்கள். நான் கும்பகோணத்தில் இருந்து கிளம்பிவிட்டேன்.

போய்ட்டு வாங்கண்ணே... காலைப் பார்த்து வெச்சு நடங்க.