லேப் என்றொரு ஊழியர்

எங்கள் கம்பித் தொழிற்சாலையில் பதினொரு வருடம் ‘லேப்’ என்றொரு ஊழியர் இருந்தார். சென்னையில் நடக்கும் மாதக் கூட்டங்களில் அவரைப் பற்றிப் பேசுகிறவன் நான்தான். “லேப் சொல்லுது, இந்த லோடு வேணாம்னு.” “லேப் ஒத்துக்கலை சார்.” “லேப் இன்னைக்கு லீவு.” ஒருமுறை, “லேப்புக்குப் பொண்ணு பொறந்திருக்குது” என்றுகூட அறிவித்தேன். கும்மிடிப்பூண்டியில் இருந்த எங்கள் யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. உலைப் பக்கத்து ஆட்கள் உட்பட எல்லோரும் லட்டு தின்றோம்.

லேப் ஒரு பெண். வேதியியல் படித்தவர். கடம்பத்தூரிலிருந்து இரண்டு ரயில் மாறி வருவார். பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் இடம் எங்களுடையது. ஒவ்வொரு உருக்கிலும் கரி எவ்வளவு, கந்தகம் எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று சோதித்துச் சொல்வது அவர் வேலை. நான் தரப் பிரிவின் மேலாளர். அவர் சொன்னதை எடுத்துப்போய்ச் சென்னைத் தலைமை அலுவலகத்தில் ஒப்பிப்பது என் வேலை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மிக நன்றாக ஒப்பிப்பேன்.

இதில் யார் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. அவர் பெயரை மட்டுமாவது எழுதட்டுமா என்று தொலைபேசியில் கேட்டேன். “வேணாம் சார், போட வேண்டிய எடத்துல போட்டாச்சு” என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

எங்கள் பேச்சில் ஒரு பழக்கம் உண்டு. வயதில் சிறிய பெண்ணைப் பிரியமாகச் சொல்லும்போது ‘அது’ என்போம். பொண்ணு வந்துச்சு, பொண்ணு சொல்லிச்சு. அந்தப் பிரியத்தோடுதான் நானும் ‘லேப் சொல்லிச்சு’ என்றேன். பிரியம் உண்மைதான். ஆனால் அந்த வாக்கியத்தில் ஆள் இல்லை. ஆள் இல்லாத இடத்தில் என் வெள்ளைச் சட்டை நன்றாகத் தெரிந்தது.

ஒரு சமயம் எங்கள் கம்பிகள் கட்டட வேலை நடக்கும் இடத்தில் வளைக்கும்போது விரிசல் விட ஆரம்பித்தன. எல்லோரும் உலையைத் திட்டினார்கள். அவர் மட்டும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பழைய இரும்புக் குவியலின்மேல் ஏறினார். ஒரு லாரி சரக்கில் மட்டும் பழைய மோட்டார்கள் செம்புச் சுருளோடு வருவதைக் கண்டுபிடித்தார். அந்தச் செம்பு கலந்துதான் கம்பி கெட்டிருந்தது. அந்த லாரியை நிறுத்தினோம், விரிசலும் நின்றது. நான் சென்னைக்குப் போய், “லேப் கண்டுபிடிச்சிருக்குது சார்” என்றேன்.

டைரக்டர் உருகிப்போனார். “என்ன சார் மிஷின் அது! இன்னொரு யூனிட்டுக்கும் ஒண்ணு வாங்கிடலாமா?”

எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. லேப் என்று நான் சொன்னதெல்லாம் எங்கள் சோதனை அறையில் உட்கார்ந்திருக்கும் ஸ்பெக்ட்ரோ இயந்திரத்தைத்தான் என்று அவர் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தார். சொல்லிச்சு, கண்டுபிடிச்சுது, ஒத்துக்கலை என்றால் அவரும் வேறென்ன நினைப்பார்? அந்த மகப்பேற்றுச் செய்தியை என்னவென்று எடுத்துக்கொண்டாரோ, கேட்க இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.

“மிஷின் இல்லை சார், ஒரு பெண்” என்று சொல்ல ஐந்து விநாடி போதும். நான் சொன்னது இதுதான்: “ஆமா சார், நல்ல மிஷின்.”

அதோடு நிற்கவில்லை. எனக்கு ஓய்வு நெருங்கியது. என் இடத்துக்கு உள்ளே தகுதியானவர் உண்டா என்று கேட்டு மின்னஞ்சல் வந்தது. ‘யாரும் இல்லை’ என்று பதில் எழுதினேன். லேப் பெண்ணை முன்னால் நிறுத்தினால், இத்தனை நாள் நீ என்ன செய்தாய் என்று யாராவது கேட்பார்களே என்ற பயம். வெளியிலிருந்து ஒருவரை எடுப்பதாக முடிவாயிற்று. லேப் பெண்ணுக்கு அது தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை கம்பெனி வேன் வரவில்லை. திருவொற்றியூரில் ரயில் ஏறினேன். பெண்கள் பெட்டிக்கு அடுத்த பெட்டி. நடுவில் வெறும் கம்பி வலைதான். முதுகை அதற்குக் கொடுத்து உட்கார்ந்ததும் பின்னால் ஒரு குரல் கேட்டது.

“எங்க, மொதல்லருந்து சொல்லு பாப்போம்.”

“வணக்கம் சார். நாங்க லேப்ல...” இது எங்கள் லேப் பெண்ணின் குரல்.

“நிறுத்துடி. லேப்ல எத்தினி பேரு கீறீங்க?”

“நான் ஒருத்திதான்க்கா.”

“அப்ப இன்னா நாங்க? நீ இன்னா மகாராணியா? ‘நான்’னு சொல்லு. வாய் வெந்துடாது.”

அந்த அக்கா ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் முதலுதவி அறை நர்ஸ் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கூட இன்னொருத்தி, ஸ்டோர் பார்க்கிற சின்னப் பெண். புதன்கிழமை டைரக்டர் நேரில் வருகிறார் என்பதால் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

“நான் டைரக்டரு. நீ உங்க பெருசு மாதிரி பேசிக் காட்டு” என்றாள் சின்னவள்.

கனைப்புச் சத்தம். மூக்கால் ஓர் இழுப்பு. பிறகு, “லேப்... வந்து... சொல்லுது சார்.”

பெட்டியே சிரித்தது. என் பக்கத்து ஆண்களும் சிரித்தார்கள். நானும் வாய்விட்டுச் சிரித்தேன். அத்தனை நயமான நடிப்பு. பாதிச் சிரிப்பில்தான் அந்தக் கனைப்பு யாருடையது என்று எனக்கு உறைத்தது. மீதியை இருமலாக மாற்றிக்கொண்டேன். அந்த இருமலும் அதே கனைப்பாக வந்து தொலைத்தது.

“வெளியாளப் போடறாங்களாம்க்கா. பெருசு ஒரு வார்த்த சொன்னா எனக்குக் கெடைக்கும்.”

“அவரு சொல்லமாட்டாரு. நீ இன்னாத்துக்கு அவரு வாயயே பாத்துக்கினு கீற? உனுக்கு வாயி இல்ல? பதினோரு வருசம் பேஜாரு புடிச்சிக்கினு வேல செஞ்சது போதும். பேரச் சொல்லு, நான்னு சொல்லு, இன்னா செஞ்சன்னு சொல்லு. அவ்ளோதான் மேட்டரு.”

கும்மிடிப்பூண்டியில் அவர்கள் எல்லோரும் படியேறிப் போகும்வரை ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன்.

புதன்கிழமை டைரக்டர் வந்தார். வந்ததும் வராததுமாக, “முதல்ல அந்த மிஷினைப் பாக்கணும்” என்றார். அங்கேதான் இன்னொரு சங்கடம். ஸ்பெக்ட்ரோவின் ஒரு பாகம் பழுதாகி, சென்னைக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அறிக்கைகள் தினமும் போய்க்கொண்டிருந்ததால் நான் அதைச் சொல்லவில்லை. போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து, மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு, தூங்குகிற பெரியவர் மாதிரி கிடந்தது இயந்திரம்.

டைரக்டர் துண்டை விலக்கினார். உள்ளே பாதி காலி.

“இது ஓடலையா? அப்போ ரிப்போர்ட் எல்லாம் எப்படி வருது?”

நான் பேசினேன் என்று எழுத ஆசைதான். பேசவில்லை. தரையைப் பார்த்தேன். லேப் பெண்தான் ஓர் அடி முன்னால் வந்தார். கையில் கண்ணாடிக் குடுவை. முதலில் தன் பெயரை, முன்னெழுத்தோடு, முழுதாகச் சொன்னார்.

“நான் பண்றேன் சார். இரும்புத் தூளை ஆசிட்ல கரைச்சு, சொட்டு சொட்டா விட்டு, கலர் மாறுறதைப் பாத்துக் கணக்குப் போடறேன். நேத்து உருக்கு எல்லாமே அப்படித்தான். மிஷின் ஓடினப்பவும் அது நம்பரை மட்டுந்தான் தரும். எந்த லாரின்னு கண்டுபிடிச்சது நான். குப்பைமேல ஏறினதும் நான்.”

மூன்று ‘நான்’. எண்ணிக்கொண்டிருந்தேன்.

டைரக்டர் என்னைப் பார்த்தார். “நீங்க மிஷின்னு சொன்னீங்களே?”

“நீங்க சொன்னீங்க சார். நான் ஆமான்னேன்.”

“ஏன்?”

“சொல்லியிருந்தா, அப்ப நீ எதுக்குன்னு கேட்டிருப்பீங்க சார்.”

டைரக்டர் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு நிறுத்திவிட்டார். அந்த நிறுத்தம் எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது. “உள்ளே ஆள் இல்லைன்னு எழுதினது நீங்கதானே? நீங்களே மாத்தி எழுதிக் குடுங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அன்று மாலை அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சார். லெட்டரை எழுதுங்க” என்றார். ஒன்பது பக்கம் எழுதினேன். அவர் வாசித்துப் பார்த்துவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்தார். ‘சோதனை மேற்கொள்ளப்பட்டது’ என்று நான் எழுதிய இடமெல்லாம் அடித்து, ‘இவர் சோதித்தார்’ என்று மாற்றினார். எத்தனை ‘பட்டது’! ஆளை ஒளித்துவைக்க என்னைவிடத் திறமைசாலி அந்தத் தொழிற்பேட்டையிலேயே இருந்திருக்க முடியாது. கடைசியில், நானாகச் செய்தது என்று மிஞ்சியது ஒன்றே ஒன்று: சோதனை அறைக்கு ஏசி வாங்கியது. அதுவும் இயந்திரத்துக்காக.

மூன்று வாரத்தில் அவரை என் இடத்தில் நியமித்து உத்தரவு வந்தது. ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வார்களாம். வெளியாளுக்கு அந்த ஆறு மாதம் இருந்திருக்காது. அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர் உறையைப் பிரித்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். பெயரில் கடைசி எழுத்து விட்டுப்போய், ஆண் பெயராகியிருந்தது. முன்னால் ‘திரு’ வேறு.

“விடும்மா, ஒரு எழுத்துதானே. முதல்ல கையெழுத்தைப் போடு” என்றேன்.

“அந்த எழுத்து இல்லன்னா அது வேற ஒரு ஆளு சார். அவன் வந்து சீட்டுல உக்காந்துக்கினான்னா?”

அன்றைக்கே விடுப்பு போட்டுவிட்டுச் சென்னைக்குக் கிளம்பினார். தலைமை அலுவலக வரவேற்பறையில் மூன்று மணிவரை உட்கார்ந்திருந்தாராம். டைரக்டரே வெளியே வந்து, பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டு, திருத்திய உத்தரவையும் கையோடு கொடுத்தாராம். “இன்னொரு தடவ சொல்லுங்கம்மான்னாரு சார். இன்னொரு தடவ சொன்னேன்” என்று ரயிலிலிருந்து போனில் கத்தினார்.

வேலை முடிந்து ஸ்டேஷனுக்குப் போனேன். உத்தரவைத் தோழிகளுக்குக் காட்டவே திரும்பி வந்து அவர் இறங்கி நிற்க, ஊர் திரும்ப வந்திருந்த நர்ஸ் அக்காவும் சின்னவளும் காகிதத்தைப் பிடுங்கி, ‘திருமதி’ என்பதில் தொடங்கி முத்திரைவரை பிளாட்பாரமே கேட்கும்படி வாசித்தார்கள். வேர்க்கடலை விற்கிறவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார். நான் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தேன்.

“இன்னா சார், அங்கியே நின்னுக்கினு கீறீங்க?” என்றார் அந்த அக்கா. “கை தட்டுங்க!”

தட்டினேன். அவர்கள் ஏறிய ரயில் கிளம்பும்வரை தட்டிக்கொண்டே இருந்தேன்.