சிஸ்டர் சொன்ன ஆறுதல்

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு எவர்சில்வர் பாலாடை இருக்கிறது. குழந்தைக்குப் பால் புகட்டும், மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம். என் மகள் கல்லூரிக்குப் போகிறாள். வாயைத் திறந்தால் மூடமாட்டாள், எதிர்வீட்டுக்காரர்களே அலுத்துக்கொள்வார்கள். அந்த வாயை நினைத்து நான் அழுத அழுகை இந்தப் பாலாடைக்குத்தான் தெரியும்.

அவள் பிறக்கும்போதே மேலுதடு பிளந்திருந்தது. உள்ளே அண்ணத்திலும் திறப்பு. மார்பில் வைத்தால் உறிஞ்ச முடியாது. கரண்டியில் ஊற்றினால் பால் மூக்கு வழியே வந்து மூச்சு திணறும். எடை ஏறினால்தான் உதட்டுக்கு ஆபரேஷன் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எடையோ இறங்கிக்கொண்டே போனது. பெங்களூர் விவேக் நகரில் எங்கள் வரிசை வீட்டுப் பெண்களுக்கு வேறு கவலை. "கிரகணத்தன்னிக்கு வெளிய கிளிய போனியாம்மா?" என்று ஒருத்தி விடாமல் கேட்பாள். கெட்ட மனசில்லை அவளுக்கு, ஆனாலும் எனக்கு அவளைக் கண்டாலே எரியும். பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடியேதான் வெளியே தூக்கிப்போவேன்.

அப்போதுதான் எங்கள் தெருக்கோடி இலவச மருத்துவ மையத்துக்கு அந்த சிஸ்டர் வந்தார். அயர்லாந்து நர்ஸ். சம்பளம் வாங்காமல் ஊர் ஊராகப் போய் வேலை செய்கிறவர். முன்பு யாழ்ப்பாணத்தில் சில வருடம் இருந்து தமிழ் கற்றுக்கொண்டவர். "என்ன பிள்ளை? சாப்பிட்டிட்டீங்களோ?" என்று அவர் கேட்டதும் வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்துவிட்டோம். வெள்ளைக்காரம்மா வாயில் சிலோன் தமிழ். அதில் பெங்களூர்க் கன்னடமும், கொஞ்சம் என்பதற்கு "சொல்ப, சொல்ப" என்று, சீக்கிரமே ஒட்டிக்கொண்டது.

முந்தானையை விலக்கி மகளைப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை. "கிரகணத்தாலை இல்லை. உங்கட பிழையும் இல்லை" என்றார். அத்தனை மாதத்தில் அதை என்னிடம் சொன்ன முதல் ஆள் அவர்தான். பிறகு, வெளிநாட்டுப் புட்டி எதையும் தேடாமல், வீட்டில் பாலாடை இருக்கிறதா என்று கேட்டார். பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, கன்னத்தின் ஓரமாகப் பாலைச் சாய்க்கக் காட்டிக்கொடுத்தார். கண்ணீர் பாலிலேயே சொட்டியது. பயத்தில் மடமடவென்று ஊற்ற, பிள்ளை புரையேறி இருமினாள். சிஸ்டர் என் தோளைத் தொட்டு, "ஆறுதலா குடுங்கோ அம்மா, ஆறுதலா" என்றார்.

அழுதுகொண்டே ஊட்டாதே, பிள்ளைக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு ஊட்டு என்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. அதையே செய்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லடி கண்ணு, அம்மா இருக்கேன்ல" என்று ஒரு வார்த்தை, பிறகு ஒரு வாய்ப் பால். அவள் விழுங்கியதும் இன்னொரு வார்த்தை, இன்னொரு வாய். மூக்கில் பால் வருவது குறைந்தது. எடை ஏறியது. ஆபரேஷன் நடந்தது. சிஸ்டர் வேறு நாட்டுக்குப் போய்விட்டார், எங்கே என்றுகூட எனக்குத் தெரியாது.

பல வருடம் கழித்து எங்கள் மாடிக்கு ஒரு யாழ்ப்பாணக் குடும்பம் குடிவந்தது. அந்த வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுக்க மூச்சிரைக்கப் படியேறினேன். "ஏன் ஓடி வாறீங்கள்? ஆறுதலா வாங்கோ" என்றார். படியிலேயே நின்றுவிட்டேன். அவர்கள் ஊரில் ஆறுதலா என்றால் மெதுவா என்று அர்த்தமாம். சிஸ்டர் என்னை மெதுவாக ஊட்டத்தான் சொல்லியிருக்கிறார். சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. அந்த அக்கா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

இப்போது இப்படிப்பட்ட குழந்தை வந்தால் மையத்திலிருந்து என்னைக் கூப்பிடுவார்கள். பாலாடையைக் கழுவி எடுத்துக்கொண்டு போவேன். போன வாரம் பொம்மசந்திராவில் கம்பெனி வேலைக்குப் போகும் ஒரு பெண் வந்திருந்தாள், தர்மபுரிப் பக்கம். பிள்ளை முகத்தைத் துப்பட்டாவால் மூடியிருந்தாள். கிரகணம் பற்றி அவளே ஆரம்பித்தாள். "அதெல்லாம் இல்லம்மா, உன் தப்பு ஒண்ணும் இல்ல" என்றேன். பாலாடையைக் கையில் கொடுத்தேன். கண்ணில் நீரோடு அவளும் மடமடவென்று ஊற்றப் போனாள்.

"ஆறுதலா குடும்மா" என்றேன்.

அவள் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம்தான் பாலாடையைச் சாய்த்தாள், மெதுவாக.