வேலி காத்தவனின் பெயர்

அந்தக் கிழவருடைய ஆங்கிலப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. காது புளிக்கக் கேட்டாயிற்று. பொருளை மட்டும் சொல்கிறேன்: வேலி காப்பவன். பழைய ஆங்கிலத்தில் அந்தப் பெயரின் முன்பாதி வேலி, பின்பாதி காவல். ஒரு காலத்தில் இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் அப்படி ஓர் ஆளை வைத்திருந்தார்களாம். விளைந்த நிலத்துக்குள் மாடு புகாமல் பார்ப்பதும், புகுந்த மாட்டைப் பிடித்துப் பட்டியில் அடைப்பதும் அவனுடைய வேலை. வேலையின் பெயர் ஆளுக்கு ஒட்டி, ஆளின் பெயர் பிள்ளைகளுக்கு ஒட்டி, வேலியும் மாடும் போன பிறகும் பெயர் நின்றுவிட்டது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் அவரேதான். பலெர்மோவில், லிபெர்த்தா என்ற பெரிய தெருவில், உயர்ந்த கூரையும் ஒழுகும் குளியலறையும் கொண்ட ஒரு பழைய வீட்டில் தனியாக இருந்தார். அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் எலுமிச்சம்பழ வியாபாரத்துக்குக் கப்பலில் வந்து, இங்கேயே பெண் எடுத்துத் தங்கியவர். இவருக்கு ஆங்கிலம் புத்தகத்தில் படித்த அளவுதான். கோபம் வந்தால் சுத்தமான சிசிலிய மொழியில் ஏசுவார். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. வீட்டையும் எப்போதோ விற்றுச் சாப்பிட்டாயிற்று, சாகும்வரை அதில் இருக்கலாம் என்ற உரிமை மட்டும் மிச்சம். நான் காலையில் போய்ச் சமைத்து, குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, பின்னேரம் நாங்கள் இருக்கும் சீசாப் பக்கத்துக்கு பஸ் பிடிப்பேன். பல வருடங்களாக அதுதான் என் உத்தியோகம்.

சாப்பாட்டு மேசைக்கு நேரே சுவரில் ஒரு உலகப்படம் ஒட்டியிருந்தார். தன் பெயர் உள்ளவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று கணினியில் தேடித் தேடி அதில் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைப்பார். இங்கிலாந்தின் தெற்கே, மேய்ச்சல் நிலங்கள் இருக்கும் பக்கம், புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. பிறகு கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று கப்பல் போன இடமெல்லாம் சிதறியிருந்தன. இத்தாலி முழுவதற்கும் ஒரே ஒரு புள்ளி, பலெர்மோவில். அதில் விரலை வைத்து, "இது நான். நான் போனதும் இதை அழித்துவிடு" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார், ஆனால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

நானும் சும்மா இருக்கவில்லை. எங்கள் ஊரில் ஒரு சாண் நிலத்துக்காக இரவோடிரவாக வேலிக் கதியாலைத் தள்ளி நட்டுவிட்டு, விடிந்ததும் நீதிமன்றத்துக்குப் போவார்கள் என்றேன். உங்கள் முப்பாட்டன் அங்கே வந்திருந்தால் சோறு கிடைத்திருக்கும், நித்திரை கிடைத்திராது என்றேன். அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார்.

எங்கள் பெயர் விஷயம்தான் அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. இங்கே குடும்பப்பெயரைக் கொஞ்ஞோமே என்பார்கள். அது இல்லாமல் ஒரு மருந்துச்சீட்டுக்கூட வாங்க முடியாது. எங்களிடம் அப்படி ஒன்று கிடையாது, தகப்பன் பெயரைத்தான் பிள்ளைக்குச் சேர்ப்போம். பேரப்பிள்ளைக்கு வேறு பெயர் வந்துவிடும். ஒரு மனிதனின் பெயர் அவன் பிள்ளைகள் இருக்கும்வரை இருக்கும், பிறகு போய்விடும். "அப்படியென்றால் யாருடைய பெயருமே மிஞ்சாதா?" என்று அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். மிஞ்சாது தொத்தோரே, மிஞ்சி என்ன செய்யப்போகிறது என்றேன். படித்த பெரியவர்களை இங்கே தொத்தோரே என்றுதான் கூப்பிடுவார்கள். அப்போது எனக்கு வாய் இருந்தது.

என் மகள் பிறந்தபோது அவளுடைய அப்பா நகரசபைக்குப் பதியப் போனார். அவருடைய கடவுச்சீட்டில் கொஞ்ஞோமே இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது அவருடைய அப்பாவின் பெயர். இந்த நாட்டு முறைப்படி பிள்ளைக்கும் அதுவே போகும் என்றார்களாம். பிள்ளைக்குத் தகப்பன் நான், என் தகப்பனின் பெயரை ஏன் போடுகிறீர்கள் என்று இவர் நின்றார். தூதரகத்தில் கடிதம் வாங்கி, அலைந்து, கடைசியில் தன் பெயரையே பிள்ளைக்குப் போடவைத்தார். வென்றுவிட்டேன் என்று வீட்டுக்கு வந்து சொன்னார். மூன்று பேருக்கு மூன்று கொஞ்ஞோமே. எங்கள் அழைப்புமணியில் மூன்று பெயரையும் பார்த்த, அதே கட்டடத்தில் இருந்தவர்கள், ஒரு அறையில் மூன்று குடும்பத்தை அடைத்திருக்கிறோம் என்று முறைப்பாடு செய்தார்கள்.

என் புருஷனின் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் வளர்த்தார்கள், சொன்னால் புருஷனுக்கு ஆயுள் குறையும் என்பார்கள். மகளைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோனால், கொஞ்ஞோமே என்ன என்று கேட்கும்போது அட்டையை நீட்டுவேன். மகள் பேசப் பழகிய பிறகு அவளே சொல்லிவிடுவாள். மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக்கடைச் சமையலறையில், ஆவணி மாதச் சூட்டில், அடுப்புக்கு முன்னால் விழுந்து அவர் இறந்துபோனார். அப்போது மகள் சின்னப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். நான் ஒருநாளும் சொல்லவில்லை. அப்படியும் போனார்.

சாம்பலை அவருடைய அண்ணன் ஊருக்குக் கொண்டுபோய்க் கடலில் கரைத்தார். பலெர்மோவில் அவருக்குக் கல்லறை இல்லை, கல்லும் இல்லை. இந்த ஊரில் அவர் பெயர் இருந்த ஒரே இடம் மகளின் பெயருக்குப் பின்னால்தான். அவளுக்குப் பிறகு அது போய்விடும் என்று எனக்குத் தெரியும், அதற்கு நான் அழவில்லை. அவள் இருக்கும்வரையாவது இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

மகள் பல்கலைக்கழகம் முடித்தாள். சுற்றுலாத் துறை, மூன்று மொழி. விடுமுறை நாளில் கிழவர் வீட்டுக்கு வருவாள், கணினியில் அவருக்குப் பெயர்களைத் தேடிக் கொடுத்தவளும் அவள்தான். இரண்டு பேருக்கும் நன்றாக ஒத்துப்போகும். வேலைக்கு மட்டும் எங்கே எழுதிப் போட்டாலும் பதில் இல்லை. ஒருநாள் ஓர் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. வரவேற்பு வேலைக்கு ஆள் எடுத்துவிட்டோம், கிழமையில் இரண்டு நாள் துப்புரவுக்கு வருவீர்களா என்று கேட்டார்கள். நன்றி, வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லி வைத்தாள். பிறகு போய் முகம் கழுவினாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கிழவர் எங்கள் இருவரையும் மதியச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னார். சமைத்தது நான்தான், மத்தி மீன் போட்ட பாஸ்தா. சாப்பிட்டு முடித்து வாயைத் துடைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். இந்த நாட்டில் பதினெட்டு வயது கடந்த ஒருவரையும் தத்தெடுக்கலாமாம். எடுப்பவரின் பெயர் அவருக்குச் சேருமாம். பிள்ளையில்லாதவர்கள் பெயர் அழியாமலிருக்க இப்படிச் செய்வதுண்டாம். என் மகளை அப்படி எடுக்கலாமா என்று வழக்கறிஞரிடமும் கேட்டுவிட்டார். மகளின் சம்மதமும், உயிரோடு இருக்கும் தாயின் சம்மதமும் வேண்டும். கொடுப்பதற்குத் தன்னிடம் வீடும் இல்லை, வயலும் இல்லை, பெயர்தான் இருக்கிறது என்றார்.

மகளைப் பார்த்தேன். அவளுக்கு இது முன்பே தெரியும் என்று முகத்தில் எழுதியிருந்தது.

"பெயர் எங்கே சேரும்?" என்று மட்டும் கேட்டேன்.

"முன்னால்," என்றார் அவர். "சட்டம் அப்படி. அவளுடைய பெயர் பின்னால் அப்படியே இருக்கும்."

வேலியே பயிரை மேய்ந்தது என்று எங்களிடம் ஒரு சொல் உண்டு. அன்றைக்கு அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன், இத்தாலிய மொழியில் வரவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன்.

வீட்டில் நாட்கணக்காகச் சண்டை. மாடிவீட்டு மன்னார்க்காரி, மலைமேல் கோயில் கொண்டிருக்கும் சாந்தாவுக்கு, இந்த ஊர்ப் புனிதைக்கு, நேர்த்தி வை, எல்லாம் சரிவரும் என்றாள். எது சரிவர வேண்டும் என்று அவளும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

"அப்பான்ரை பேர் எங்கையும் போகேல்லை அம்மா. பின்னாலை இருக்கும்."

"பின்னாலை இருக்கிறது விழுந்துபோம், பிள்ளை. இஞ்சை ஆர் ரெண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிடப்போகினம்?"

"நான் இஞ்சை பிறந்தனான். எண்டாலும் எல்லாரும் எங்கையிருந்து வந்தனீ எண்டுதான் கேக்கினம். அந்தப் பேரைப் போட்டா கேக்கமாட்டினம்."

"முகத்தை என்ன செய்யப்போறாய்?"

"முகம் பிறகுதானே தெரியும். கொல்லோக்கியோவுக்கு உள்ளை போகவாவது விடுவினம்."

வேலைக்கான நேர்முகத்தைத்தான் அப்படிச் சொன்னாள். அவளுடைய அப்பா தன் பெயருக்காக அலைந்த கதையை நான் மறுபடி எடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பஸ்தா, போதும் அம்மா. உங்களாலை ஒருக்காலும் வாயாலை சொல்ல ஏலாத பேர். அதை நான் மட்டும் ஏன் சுமக்கோணும்?"

 அவள் பிறகு என்னோடு கதைப்பதை விட்டுவிட்டாள். சாப்பாடு போட்டால் சாப்பிட்டாள், கேட்டால் ஓம் என்றாள், அவ்வளவுதான். அந்தத் தொலைபேசி வந்த நாளில் ஓடிய தண்ணீர்ச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் கூட்டித் துடைத்தது போதும், அவளும் துடைக்கட்டும் என்று நினைக்கிற தாய் நான் இல்லை. சரி என்று சொன்னேன். மனம் சம்மதிக்கவில்லை, வாய்தான் சம்மதித்தது.

நீதிமன்றத்தில் ஒரு சின்ன அறை. நீதிபதி பெண், அன்பானவள்தான். கிழவர் திருமணத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மகளின் முழுப்பெயரையும் அவளுடைய தகப்பனின் பெயரையும் சொல்லும்படி நீதிபதி என்னிடம் கேட்டாள். வழக்கம்போல மகள் வாய் திறந்தாள். நீங்கள் வேண்டாம், தாயான சிஞ்ஞோராவே சொல்லவேண்டும் என்றாள் நீதிபதி.

சொன்னேன். சத்தம் வரவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். உரத்துச் சொன்னேன். அருகிலிருந்தவர் தட்டச்சு செய்தார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. என் புருஷன் உயிரோடு இருந்தபோது ஒருதரம் அப்படிக் கூப்பிட்டிருந்தால் என்ன நினைத்திருப்பார் என்று யோசித்தேன். சம்மதமா என்று கேட்டார்கள். சம்மதம் என்றேன்.

தீர்ப்பு வந்தது. புது அடையாள அட்டையில் இரண்டு பெயரும் இருந்தன, முன்னால் வேலிக்காரன், பின்னால் என் புருஷன். கிழவர் அன்றைக்கே உலகப்படத்தில் எங்கள் சீசாவுக்கென்று இன்னொரு சிவப்புப் புள்ளி வைத்தார், அழுத்திய அழுத்தில் பென்சில் முனை உடைந்தது. எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. வேலைக்கு எழுதிப்போடும்போது மகள் முன்னால் வந்த அந்த வேலிக்காரன் பெயரை மட்டும் போட்டாள். கூப்பிட்டார்கள். துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு பயண அலுவலகத்தில் வேலை கிடைத்தது. தொலைபேசியை எடுத்தால் அந்த ஆங்கிலப் பெயரைத்தான் சொல்வாள், என் முன்னாலேயே சொல்வாள், நாக்குச் சறுக்காமல் சொல்வாள். நல்லாய் இருக்கிறாள். அதைச் சொல்லாவிட்டால் நான் மனுசி இல்லை. ஆனால் ஒரு மாதத்துக்குள் எங்கள் அழைப்புமணியிலும் அந்தப் பெயர் வந்துவிட்டது. இடம் போதவில்லை என்று பின்பெயரை விட்டுவிட்டாள்.

குளிர்காலத்தில் கிழவர் போய்ச் சேர்ந்தார். காலையில் நான் தேநீரோடு போனபோது முடிந்திருந்தது. கண்ணை மூடிவிட்டதும், தாடையைக் கட்டியதும், கடைசியாக அவரைக் குளிப்பாட்டியதும் நான்தான். மரண அறிவித்தல் தெருச்சுவரில் ஒட்டப்பட்டது. அன்பு மகள் என்று போட்டு, அவளுடைய பெயரோடு அவருடைய பெயர் மட்டும்.

வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். மகள் கறுப்பு உடுப்பில் வாசலருகே நின்று கைகொடுத்தாள். நான் அவளுக்குப் பின்னால் கோப்பித் தட்டோடு நின்றேன். கிழவரின் மனைவி வழியில் தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி, கம்பளிக் கோட்டைக் கழற்றாமலே, என்னைக் காட்டி மகளிடம் இது யார் என்று கேட்டாள். அம்மா என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்து நான் தலைமயிரைச் சரிசெய்துகொண்டேன்.

"என் அப்பாவைப் பார்த்துக்கொண்டவர்," என்றாள் மகள்.

கிழவர் உயிரோடு இருந்த காலத்தில் அவரை அவள் தொத்தோரே என்றுதான் கூப்பிட்டாள். அப்பா என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். மகள் என்னைப் பார்க்கவில்லை. நான் அந்தப் பெண்ணுக்குத் தலையை ஆட்டினேன். அவள் கோப்பியை எடுத்துக்கொண்டு, தன் மாமியாருக்கும் ஒரு ஆள் தேடுகிறோம், திங்கட்கிழமையிலிருந்து வர முடியுமா என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் மகள் என் தொலைபேசி இலக்கத்தைச் சொல்லத் தொடங்கியிருந்தாள்.